சேணம், சவாரி, லகான்: வடசென்னை வழக்கில் குதிரைக் கருவிச் சொற்களின் பொருள்மாற்றம்

ஆய்வுச்சுருக்கம்

குதிரை ஏற்றம் வண்டிப் பயணமாகவும், வண்டிப் பயணம் இயந்திர ஊர்தியாகவும் மாறிய போக்கில் குதிரைக் கருவிகளைக் குறித்த தமிழ்ச் சொற்கள் அடைந்த மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடசென்னைத் துறைமுக, தொழிற்பகுதியின் வழக்கு களமாகக் கொள்ளப்பட்டுள்ளது. பிழை எனக் கருதப்படும் "சேணம் கட்டிய குதிரை" என்னும் உவமை, ஜட்கா வண்டிக் காலத்தின் கருவியமைப்பை உள்ளடக்கிய வழக்கு என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: சேணம், கலணை, அங்கவடி, லகான், சவாரி, ஜட்கா, பொருள்மாற்றம், வடசென்னை வழக்கு.

முன்னுரை

இன்றைய நாளிதழ்த் தமிழிலும் மேடைப் பேச்சிலும் "சேணம் கட்டிய குதிரை" என்னும் உவமை பழகிப்போன ஒன்று. பக்கம் பாராமல், தனக்குக் காட்டப்பட்ட திசையில் மட்டும் செல்பவரை அது சுட்டுகிறது. சேணம் என்பதோ குதிரையின் முதுகில் இடப்படும் இருக்கை. அது பார்வையை மறைப்பதில்லை. மறைப்பது கண்ணோரம் கட்டப்படும் தோல்பட்டை. ஆதலின் இவ்வுவமை பொருந்தாது என்றும், கருவி தெரியாதார் ஆக்கியது என்றும் தள்ளிவிடுவது எளிது.

அவ்வாறு தள்ளுவதற்கு முன் ஒரு வினா எழவேண்டும். முதுகில் இருக்கும் கருவியின் பெயர் கண்ணில் இருக்கும் கருவிக்கு எவ்வாறு சென்றது? ஒருவர் பிழையாக எழுதினால் அது பிழை. ஒரு மொழிச்சமூகம் முழுவதும் ஒரே திசையில் பிழை செய்யுமாயின் அதற்கு வரலாற்றுக் காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணத்தைத் தேடுங்கால் இலக்கியத்தை மட்டும் நோக்குதல் போதாது. குதிரை எவ்வாறு பூட்டப்பட்டது என்பதையும் நோக்கவேண்டும்.

வடசென்னை இதற்குத் தகுந்த களம். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் புறப்பட்டது. துறைமுகக் கட்டுமானம் 1875இல் தொடங்கியது. நூறாண்டு கழிவதற்குள் அதே கடற்கரைச் சாலையை ஒட்டி எண்ணூரில் லாரித் தொழிற்சாலையும் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் எழுந்தன. விலங்கு இழுத்த வண்டி, மனிதர் இழுத்த வண்டி, இயந்திர ஊர்தி ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகவும் சில காலம் அருகருகேயும் ஓடிய பகுதி இது. பொருள்கள் மறைந்த பின்னும் அவற்றின் பெயர்கள் வேறு பொருள்களுக்கு இடம்பெயர்ந்து வாழ்வதை இங்குத் தெளிவாகக் காணலாம்.

ஏறுவோன் காலத்துச் சொற்கள்

குதிரை தமிழகத்திற்குக் கடல்வழி வந்த விலங்கு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை பதிவு செய்கிறது. விலங்கோடு கருவியும், கருவியோடு அதன் பெயரும் வந்தன. முல்லைப்பாட்டில் யவனரைப் பற்றிய பகுதியில் வரும் 'மத்திகை' என்னும் சொல் குதிரைச் சாட்டையைக் குறிப்பது. கிரேக்கத்தில் சாட்டையைக் குறிக்கும் 'மாஸ்டிக்ஸ்' என்பதோடு அதனை ஆய்வாளர் இணைப்பர். கடிவாளத்தைக் குறிக்கும் 'கலினம்' வடமொழி 'கலீன' என்பதன் வழியது. அதுவும் கிரேக்க 'காலினோஸ்' என்பதன் திரிபு என்பர். மருதக்கலியில் குதிரை ஏறி வந்ததாகத் தலைவன் சொல்ல, அக்குதிரை எதுவெனத் தலைவி எள்ளி உரைக்கும் 96ஆம் பாடல், குதிரையணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் அளவிற்கு அவை அன்று அறிமுகமாகியிருந்தமையைப் புலப்படுத்தும்.

இப்பாடல்களில் 'அங்கவடி' என்னும் சொல் இல்லை. அங்கவடி என்பது ஏறுவோன் காலூன்றும் வளையம். கால் பெருவிரலை மட்டும் நுழைக்கும் கயிற்று வளையம் சாஞ்சிச் சிற்பங்களிலேயே காணப்படுகிறது எனினும், முழுப் பாதமும் ஊன்றும் உலோக வளையம் கி.பி. 4ஆம் நூற்றாண்டையொட்டிச் சீனத்தில் உருப்பெற்றுப் பின்னரே பரவியது. கருவி வந்த பின்னரே சொல் வருதல் இயல்பு. விஜயநகர, நாயக்கர் காலக் குதிரைச் சிற்பங்களில் அங்கவடி இயல்பான உறுப்பாகிவிடுகிறது. திருவொற்றியூரையும் பாடிய அருணகிரிநாதர் திருப்புகழில் முருகனின் மயிலைக் குதிரையாக உருவகிக்கும்போது 'பக்கரை', 'கலணை' என்னும் கருவிப் பெயர்களை ஆள்கிறார். கலணை சேணம், பக்கரைக்கு அங்கவடி என்றும் சேணம் என்றும் பொருள் கொள்வர். கந்தர் அலங்காரத்தில் முருகனையே 'ராவுத்தன்' என விளிக்கிறார். குதிரைவீரனைக் குறிக்கும் அச்சொல் 15ஆம் நூற்றாண்டில் தெய்வத்தைச் சுட்டும் அளவிற்கு மதிப்புப் பெற்றிருந்தது.

இக்காலத்துச் சொற்கள் யாவும் ஏறுவோனை நடுவாகக் கொண்டவை என்பது நோக்கத்தக்கது. கலணை அவன் அமர்வதற்கு. அங்கவடி அவன் கால் ஊன்றுவதற்கு. கலினம் அவன் கைக்கு அடங்குவதற்கு. மத்திகை அவன் வீசுவதற்கு. குதிரையின் நலத்திற்கெனச் சொல் அரிது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்டெழுதிய மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெருந்தொகையில் வாங்கப்பட்ட குதிரைகள் சரியான பராமரிப்பின்றி மடிந்தன என்றும் லாடம் அடிப்போர் அங்கு இலர் என்றும் குறைகூறுகிறார். அயலவர் கூற்று ஆதலின் மிகையும் கலந்திருக்கலாம். எனினும் மேற்கண்ட சொற்றொகுதியோடு அது முரண்படவில்லை.

பாரசீகச் சொற்களின் வரவு

ஆற்காட்டு நவாபின் ஆட்சியும் கும்பினியின் படையமைப்பும் சேர்ந்தபோது குதிரைக் கருவிகள் மீண்டும் பெயர் மாறின. கடிவாளத்தின் பக்கத்தில் 'லகான்', சேணத்தின் பக்கத்தில் 'ஜீனி', சாட்டையின் பக்கத்தில் 'சவுக்கு', ஏற்றத்தின் பக்கத்தில் 'சவாரி' வந்து நின்றன. இவை பாரசீக 'லகாம்', 'ஜீன்', 'சாபுக்', 'சவாரி' என்பவற்றின் தமிழ் வடிவங்கள். சாட்டையின் வரலாறு சுவையானது. மத்திகை, சம்மட்டி, சவுக்கு என அது காலந்தோறும் பெயர் பெயர்ந்து வந்திருக்கிறது. அடிபட்ட குதிரைக்கு இதில் வேறுபாடு தெரிந்திராது.

பழஞ்சொல் உடனே மறைந்துவிடவில்லை. இரண்டும் தமக்குள் வேலையைப் பகிர்ந்துகொண்டன. கடிவாளம் என்னும் சொல்லை மக்கள் 'கடி' என்னும் வினையோடு எளிதில் இணைத்துக்கொள்ள முடிந்தமையால் அது வாயிலுள்ள இரும்பையும் தலைக்கட்டையும் குறித்து நின்றது. லகான் ஓட்டுபவன் கையில் பிடிக்கும் வாரைக் குறிப்பதாகச் சுருங்கியது. "லகானைப் பிடி", "லகானை இழு" என்னும் தொடர்கள் இயல்பாகவும், "கடிவாளம் போடு" என்பது அதற்கு இணையாகவும் வழங்குவதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். கொள் என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் வாயை மூடுவதுமாகக் குதிரையைக் காட்டும் பழமொழியில் கடிவாளமே வருகிறது. லகான் அங்குப் பொருந்தாது.

கும்பினி ஆட்சியில் ஏறுகுதிரை படைக்கும் அதிகாரிக்கும் உரியதாயிற்று. 1824இல் ஓசூரில் படைக்கான குதிரைப் பண்ணை தொடங்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து கப்பலில் வந்த குதிரைகள் அப்பகுதியின் பெயராலேயே 'வேலர்' எனப்பட்டன. அவற்றின் முதன்மைச் சந்தைகளுள் சென்னையும் ஒன்று. ஆங்கிலச் சேணம், இரும்பு அங்கவடி, தோற்காலணி ஆகியன இவ்வட்டத்திற்குள் புழங்கின. இவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் வீதித் தமிழுக்குள் பரவவில்லை. காரணம் வெளிப்படை: வீதியில் இருந்தவர் குதிரை ஏறவில்லை.

ஜட்காவின் சேணம்

வீதியில் இருந்தவர் ஏறியது ஜட்கா. ஒற்றைக் குதிரை, இரு சக்கரம், மேற்கூரை, உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் விரிப்பு. 'ஜட்கா' என்பதே குலுக்கலைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்; வண்டியின் இயல்பே பெயராயிற்று. இரயிலும் துறைமுகமும் ஓரிடத்தில் அமைந்த இராயபுரம் போன்ற பகுதியில், வந்திறங்கியவரை வீடு சேர்க்க வாடகை வண்டி இன்றியமையாததாயிற்று. கனத்த சரக்கை மாட்டுவண்டி இழுத்தது. ஆளை ஜட்கா இழுத்தது. வாடகை வண்டிகளை முறைப்படுத்த 1911இல் சென்னை மாகாணத்தில் தனிச்சட்டமே இயற்றப்பட்டது.

இங்குக் கருவியமைப்பைச் சற்று விரித்துக் காண்பது தேவை. இரு சக்கர வண்டியில் பாரத்தின் ஒரு பகுதி குதிரையின் முதுகின்மேல் விழும். இரு பக்கமும் நீளும் ஏர்க்கால்களைத் தாங்குவதற்குக் குதிரையின் முதுகில் சிறிய மெத்தை போன்ற தோல்திண்டு ஒன்று கட்டப்படும். அதன்மேல் செல்லும் வார் ஏர்க்கால்களைத் தூக்கிப் பிடிக்கும். வயிற்றின் கீழ் ஒரு வார் அவை மேலெழாமல் தடுக்கும். மார்பின் குறுக்கே செல்லும் பட்டை இழுவிசையைத் தாங்கும். தலையில் கடிவாளம், அதன் கன்னவார்களிலேயே கண்ணோரத் தோல்மறைப்புகள் இணைந்திருக்கும். பின்னால் வரும் சக்கரத்தையும் பக்கத்தில் விரையும் டிராமையும் கண்டு குதிரை மருளாதிருக்க இம்மறைப்பு. ஏறுகுதிரைக்கு இது பொதுவாக இல்லை. தன்மேல் அமர்ந்தவனின் தொடையையும் கையையும் அது உணர்ந்து நடக்கும். பின்னால் உருளும் எதையும் அது இழுப்பதில்லை.

முதுகின்மேல் இருந்த அச்சிறு திண்டும் சேணமே. அதில் எவரும் அமரவில்லை. எனினும் இடத்தாலும் வடிவாலும் அது சேணம். வண்டிக்காரர் குதிரையைப் பூட்டும்போது சேணம், மார்புப்பட்டை, வயிற்றுவார், கடிவாளம், கண்மறைப்பு ஆகிய அனைத்தையும் ஒரே தொகுதியாகக் கட்டி, ஒரே தொகுதியாக அவிழ்ப்பார். தொகுதிக்கு ஒரு பெயர் வேண்டும். அதன் முதன்மை உறுப்பின் பெயர் முழுமைக்கும் ஆகிவருதல் தமிழ் இலக்கணம் அறிந்ததே, சினையாகுபெயர் என்பர். இவ்வழியில் 'சேணம்' அமரும் இருக்கை என்னும் பொருளிலிருந்து 'வண்டிக் குதிரைக்குக் கட்டும் கருவித்தொகுதி' என்னும் பொருளுக்கு விரிந்தது எனலாம். தொகுதியில் கண்மறைப்பு உள்ளடங்கும். "சேணம் கட்டிய குதிரை" என்பது இப்பொருளில் கண்மறைப்பும் கட்டிய குதிரையே. உவமை பிழையன்று.

உவமையில் வரும் வினையும் இதற்கு ஓரளவு துணைநிற்கிறது. அருணகிரிநாதர் கலணையை 'இடு' என்னும் வினையோடு ஆள்கிறார். உவமையிலோ 'கட்டு' வருகிறது. "வண்டி கட்டு" என்பது விலங்கை வண்டியிற் பூட்டுதலுக்குரிய பொதுவழக்கு. சேணத்தையும் வாரால் கட்டவே செய்வர் ஆதலின் இதனை முடிந்த சான்றாகக் கொள்ள இயலாது. முன்னைய வாதத்தோடு சேர்த்தே மதிப்பிடவேண்டும்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். கிண்டியில் 18ஆம் நூற்றாண்டு முதல் குதிரைப் பந்தயம் நடந்துவந்தது. பந்தயக் குதிரைகளுக்கும் கண்மறைப்பு இடுவதுண்டு. உவமை அங்கிருந்து வந்திருக்கக்கூடாதா? பந்தயத்தில் கண்மறைப்பு எல்லாக் குதிரைகளுக்கும் இடப்படுவதன்று. கவனம் சிதறும் சிலவற்றுக்கே இடப்படும். மேலும் பந்தய மைதானம் தமிழுக்குத் தந்த சொற்கள் 'ரேஸ்', 'ஜாக்கி', 'ஜாக்பாட்' என ஆங்கிலமாகவே நின்றன. சேணம் அவ்வரிசையைச் சேர்ந்ததன்று. தெருவில் நாள்தோறும் காணப்பட்ட வண்டிக் குதிரையே உவமைக்கு அடிப்படையாதல் பொருந்தும். "கடிவாளம் கட்டிய குதிரை" என இதே பொருளில் வழங்கும் மாற்றுத்தொடரும் நோக்கத்தக்கது. கண்மறைப்பு இணைந்திருப்பது கடிவாளத்தின் கன்னவாரில் என்பதால், கருவியமைப்பின்படி அது இன்னும் நெருக்கமானது. இரு தொடர்களும் ஒரே தொகுதியின் இரு உறுப்புகளைத் தலைப்பெயராகக் கொண்டவை.

ஜட்காவின் இன்னொரு மரபும் இங்குக் குறிக்கத்தக்கது. பயணிகள் அமரும் இடத்தைப் பொறுத்து 'முன்பாரம்', 'பின்பாரம்' எனப் பகுத்தனர். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும். வயிற்றுவார் குதிரையை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் சேணத்தின்கீழ் முதுகு புண்ணாகும். பயணியரை முன்னும் பின்னும் நகர்ந்து அமரச் சொல்வது வண்டிக்காரரின் அன்றாடக் கடமை. குதிரையின் முதுகை நடுவாகக் கொண்ட சொற்கள் ஏறுவோன் காலத்தில் அரிதாயிருந்து, வண்டிக்காரன் காலத்தில் பிறந்தன என்பது கருதத்தக்கது. அவனுக்குக் குதிரை மூலதனம். முட்கள் பதித்த கடிவாளத்தையும் கருவியையும் தடைசெய்த பார இழுவை விலங்குகளுக்கான விதிகள் 1965இல் வந்தன. அப்போது ஜட்காவின் காலம் பெரிதும் கடந்துவிட்டது.

சவாரி: ஏறியவரும் ஏற்றப்பட்டவரும்

'சவார்' பாரசீகத்தில் குதிரைவீரன். 'சவாரி' அவன் செய்யும் ஏற்றம். வடசென்னையின் ஆட்டோ நிறுத்தங்களில் இன்று "காலையிலிருந்து சவாரி இல்லை", "ஒரு சவாரி வந்தது" என்று கேட்கலாம். முதல் தொடரில் சவாரி என்பது வாடகைப் பயணம். இரண்டாவதில் பயணியையே குறிக்கவும் கூடும். உருதுவிலும் இப்பொருள் உண்டு. ஆதலின் இது சென்னையின் தனிப்படைப்பு அன்று. ஆயினும் மாற்றத்தின் திசை முதன்மையானது. விலங்கின்மேல் ஏறி அதனைச் செலுத்தியவனுக்குரிய சொல், தான் எதனையும் செலுத்தாமல் ஏற்றிச் செல்லப்படுபவருக்கு உரியதாயிற்று. இத்திருப்பமும் ஜட்காவில் நிகழ்ந்திருக்கவே இடமுண்டு; அங்குத்தான் லகான் ஒருவர் கையிலும் கூலி கொடுக்கும் உரிமை மற்றொருவர் கையிலுமாகப் பிரிந்தன. அங்கிருந்து கைரிக்‌ஷாவுக்கும், 1973இல் கைரிக்‌ஷா ஒழிக்கப்பட்ட பின் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும், பின் ஆட்டோவுக்கும் சொல் கைமாறியது. ஊர்தி நான்கு முறை மாறியும் சவாரி மாறவில்லை.

யாழ்ப்பாணத் தமிழில் இச்சொல் வேறு வழி சென்றது. அங்கு 'மாட்டுவண்டிச் சவாரி' என்பது வண்டிப் பந்தயம். சென்னையில் கூலியாகச் சுருங்கிய சொல் அங்கு வீரவிளையாட்டாக நிலைத்தது. ஒரே சொல்லின் இவ்விரு போக்குகளையும் ஒப்பிட்டு நோக்கினால் தொழில்நகரம் சொல்லின்மேல் செய்த வேலை புலப்படும்.

இயந்திரத்தின் மேல் குதிரை

திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு புல்லட் தயாரிக்கப்பட்டது. 350 சிசி வண்டியின் ஆற்றல் 18 குதிரைத்திறன் என்று விளம்பினர். குதிரைத்திறன் என்பது சுமார் 746 வாட். நீராவிப் பொறியை விற்க ஜேம்ஸ் வாட் கண்ட ஒப்பீடு. குதிரை ஏறியிராத தொழிலாளர்களின் நாவில் குதிரை அளவுகோலாகத் திரும்பி வந்தது. இம்முறை அதற்குக் கருவி ஏதும் தேவைப்படவில்லை. சேணம் 'சீட்டு' ஆயிற்று, லகான் 'ஆக்சிலேட்டர்', 'கிளட்ச்', 'பிரேக்கு' எனச் சிதறியது.

டிராக்டர் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய பாலகுமாரன் லாரித் தொழிலைக் களமாகக் கொண்டு எழுதிய நாவலுக்கு 'இரும்பு குதிரைகள்' எனப் பெயரிட்டதும், அதன் தலைமைப் பாத்திரத்தைக் குதிரை பற்றிக் கவிதை எழுதுபவராகப் படைத்ததும் இப்பின்னணியில் தற்செயல் எனத் தோன்றவில்லை. லாரிகள் நெருங்கிய சூழலில் உயிர்க்குதிரை ஏக்கமாக மட்டுமே இருக்கமுடிந்தது.

இன்றைய குதிரைகள்

வடசென்னையில் குதிரை இன்று முற்றிலும் மறையவில்லை. கோயில் பெருவிழாக்களில் மரக்குதிரை வாகனம் வலம் வருகிறது. முன்கால் தூக்கிய அவ்வாகனத்தில் சேணம், கடிவாளம், மணிவடம் ஆகியன நாயக்கர் காலச் சிற்ப மரபின்படியே செதுக்கப்படுகின்றன. ஏறுவோன் காலத்துக் கருவிகளை ஓரளவு முழுமையாகக் காண எஞ்சியிருக்கும் இடம் இதுவே. திருமண ஊர்வலங்களில் மணமகன் ஏறும் குதிரையும் 'சாரட்டு' வண்டியும் உண்டு. தோல்வாருக்கு மாறாக நைலான் பட்டை, பித்தளைக்கு மாறாக முலாம் பூசிய தகடு, குஞ்சத்தோடு மின்விளக்குச் சரம் என அங்குக் கருவி மாறிவிட்டது. மணமகன் குதிரைமேல் இருப்பான். லகான் கீழே நடப்பவர் கையில் இருக்கும். ஜட்காவில் நிகழ்ந்த அதே பிரிவு ஏறுகுதிரைக்கும் வந்துவிட்டது.

நகரின் தென்பகுதியில் குதிரையேற்றம் பயிலும் புதிய தலைமுறை தலைக்கவசமும் மார்புக்காப்பும் அணிகிறது. ஏறுவோன் விழுவான் என்பதை ஒப்புக்கொண்ட இக்கருவிகளுக்குப் பழைய தமிழில் பெயரில்லை. அங்கவடி அங்கு 'ஸ்டிரப்' எனப்படுகிறது. லகான் 'ரெயின்ஸ்' எனப்படுகிறது. தமிழில் சொல் இருக்கும் பொருள்களுக்கும் அச்சொற்கள் வழங்காமைக்குக் காரணம், அவற்றை வைத்திருந்த வண்டிக்காரருக்கும் இப்பயிற்சிக் களத்துக்கும் இடையே தொடர்பு இல்லாமையே. அங்கவடிக்கு ஜட்காவில் வேலையில்லை. ஆகவே அது வண்டிக்காரரிடமும் தங்கவில்லை. லகானுக்கு வேலை இருந்தது, அது தங்கியது.

அகராதிப் பதிவில் இவ்வேறுபாடு இடம்பெறுதல் வேண்டும். 'சேணம்' என்னும் தலைச்சொல்லின்கீழ் ஏறுகுதிரையின் இருக்கை, வண்டிக் குதிரையின் முதுகுத்திண்டு, வண்டிக் குதிரைக்குக் கட்டும் கருவித்தொகுதி ஆகிய மூன்றும் தனித்தனிப் பொருளாகக் காட்டப்பெற்று, "சேணம் கட்டிய குதிரை" என்னும் தொடர் மூன்றாவதன்கீழ் வைக்கப்பெறல் தகும்.